ராஜகுமாரனுக்கு வைத்த ஒப்பாரி

கதை தடம் மாறிப் போகிறது என்று என்னிடம் குறை சொல்லாத பத்திரிகைக்காரர் இல்லை. காதல் கதை என்று நம்பி வாங்கினோம், பாதியில் பஞ்சாயத்தாகிவிட்டது என்பார் ஒருவர். பேய்க்கதை கேட்டோம், உங்கள் பேய் மாமியார் வீட்டில் மாவாட்ட உட்கார்ந்துவிட்டதே என்பார் இன்னொருவர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று கார்டில் எழுதி அனுப்பிய புண்ணியவானும் உண்டு. குரங்குக்கு என்ன குறை என்று பதில் போட்டேன். நான் கதை சொல்லப் பழகிய இடம் அப்படிப்பட்டது. அங்கே ஒருநாள் ஒரு கதை தடம் மாறியதில் என் கழுத்துத் தாலி போகப் பார்த்தது. அதற்கப்புறம் தடம் மாறுகிற கதையைக் கண்டு நான் பயப்படுவதில்லை.

திண்டிவனத்தில் ரயிலடிக்குப் போகிற வழியில் இருந்த மல்லாட்டைக் கொட்டகை அது. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். எண்ணெய்க்குப் போகிற மல்லாட்டையை யந்திரத்தில் விட்டு உடைத்துவிடலாம். விதைக்கு வேண்டியதை அப்படிச் செய்ய முடியாது. பருப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் முளைக்காது. அதைக் கையால்தான் உடைக்க வேண்டும். அதற்காகச் சுற்றுவட்டாரச் சேரிப் பெண்கள் நாங்கள் வந்து, வட்டம் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, கட்டைவிரலால் நெரித்து நெரித்துப் பருப்பெடுப்போம். நகம் தேய்ந்து, விரல் காய்த்து, தொண்டை முழுக்கத் தூசி ஏறிவிடும்.

கொட்டகை முதலாளியான மண்டிக்காரருக்கு எங்கள் விரலைப் பற்றிக் கவலை இல்லை. வாயைப் பற்றித்தான் கவலை. காலையில் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு வருகிறவள் மடியில் பருப்பைக் குவித்துவைத்தால் அவள் தின்னாமல் இருப்பாளா? அதனால் கொட்டகையில் ஒரு சட்டம் போட்டிருந்தார். வாய் ஓயக் கூடாது. பாட்டுப் பாட வேண்டும். பாட்டுத் தீர்ந்தால் ஒருத்தி கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் எல்லாரும் வரிக்கு வரி 'உம்' கொட்ட வேண்டும். கதவோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி எந்தப் பக்கத்திலிருந்து உம் வரவில்லை என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார். வராத பக்கத்துக்கு எழுந்து போய் வாயைத் திறந்து காட்டச் சொல்வார். வாய் நிறையப் பருப்பை வைத்துக்கொண்டே நன்றாக உம் கொட்டலாம் என்பது அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கதை சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். படித்தவளுக்குக் கதை தெரியும் என்று அவர்களாக முடிவு செய்துகொண்டார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு மானக்கேடாக இருந்தது. அதனால் இட்டுக்கட்டினேன். கதை சொல்கிறவள் மட்டும் பருப்புத் தின்ன முடியாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும். என் வீட்டுக்காரர் இரங்கூனில் இருந்தார். இருந்தார் என்று சொல்வதற்கே அந்த நாளில் தைரியம் வேண்டும். கல்யாணமாகி ஒரு வருஷம் நிறைவதற்குள் சென்னையில் கப்பலேறிப் போனார், அரிசி ஆலையில் மூட்டை தூக்க. முதலில் கடிதம் வந்துகொண்டிருந்தது. பிறகு இரங்கூனில் குண்டு விழுந்தது. காட்டு வழியாக நடந்தே திரும்பியவர்கள் சிலர் விக்கிரவாண்டிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். கப்பலில் ஏறியவர்களில் சிலருடைய கப்பல்கள் வரவில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் நடந்தவர்களிலும் இல்லை, வந்தவர்களிலும் இல்லை. இரண்டு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. கொட்டகையில் எனக்கு மட்டும் இந்த நிலை என்று சொல்ல முடியாது. எதிரில் உட்கார்ந்தவளுக்கு அண்ணன், மூலையில் இருந்தவளுக்கு மகன், இன்னும் இரண்டு மூன்று பேருக்குப் புருஷன் என்று பாதிக் கொட்டகை கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த வருஷத்து உடைப்புக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு ராஜகுமாரன் கதை. ஏழு கடலுக்கு அப்பால் வாடாத பூ ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டுவருகிறேன் என்று இளவரசியிடம் சொல்லிவிட்டு அவன் புறப்படுகிறான். குதிரை, காடு, ராட்சசன், பேசும் கிளி எல்லாம் வைத்து நாட்களை நகர்த்தினேன். தடுமாற்றம் கடற்கரையில் வந்தது. கப்பலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வீட்டுக்காரர் முதல் கடிதத்தில் எழுதியிருந்ததுதான். ராஜகுமாரன் கப்பலின் மேல்தட்டில் கோணிப் பையை விரித்துப் படுத்தான். தகரக் குவளையில் கஞ்சி வாங்கக் கூட்டத்தோடு நின்றான். முதல் நாளே வாந்தியெடுத்தான்.

"இன்னாம்மே, ராசா வூட்டுப் புள்ளை கோணியில படுத்துக்கினு கீறான்?" என்றாள் ஒருத்தி.

"கடல்ல எல்லாரும் கோணிலதான் படுக்கணும்" என்றேன். அவர்கள் ஒத்துக்கொண்டு உம் கொட்டினார்கள்.

ஒரு முற்பகலில் கடலில் புயல் வந்தது. எல்லா ராஜகுமாரன் கதையிலும் வருகிற புயல்தான். கப்பல் கவிழும், அவன் தண்ணீரில் விழுவான், ஒரு பலகை மிதந்து வரும், பிடித்துக்கொண்டு கரையேறுவான். நான் அப்படித்தான் வைத்திருந்தேன். "கப்பல் கவுந்துபோச்சி" என்று சொன்னேன். அடுத்து பலகையைச் சொல்ல வாயைத் திறந்தபோது தூசி உள்ளே போய் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு இருமினேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அந்த இடைவெளியில் மூலையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. ஊரில் யார் செத்தாலும் முதல் ஒப்பாரி வைப்பவள் அவள். கடலில் மகனைத் தொலைத்தவளும் அவள்தான்.

"ஏழு கடல் தாண்டப் போன ராசாவே – எனக்கு
எட்டாத கடல் எதுன்னு சொல்லலியே
கரைய நம்பிக் காத்திருந்தேன் ராசாவே – இப்பக்
கண்ணுக்கே கரையில்லாமப் போயிடுச்சே"

அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவள் எடுத்தாள், அதற்கடுத்தவள் எடுத்தாள். கை பாட்டுக்கு மல்லாட்டையை உடைத்துக்கொண்டிருக்க, கொட்டகை முழுக்க என்னைப் பார்த்து உட்கார்ந்து ராஜகுமாரனுக்கு அழுதது. அவர்கள் யாருக்கு அழுதார்கள் என்று எனக்குத் தெரியும். செய்தி வராதவனுக்கு ஒப்பாரி வைக்க ஊரில் இடமில்லை. அழுதால் வாய் வைத்துக் கொன்றுவிட்டாள் என்பார்கள். ராஜகுமாரனுக்கு அழுதால் கேட்பாரில்லை. இருமல் நின்றபோது என் பலகையைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. ஒப்பாரிக்கு நடுவில் புகுந்து, நிறுத்துங்கள், அவன் பிழைத்துவிட்டான் என்று எவள் சொல்வாள்? நானும் அழுதேன். ராஜா கதை போன இடம் தெரியவில்லை.

மேஸ்திரி ஓடிவந்து பார்த்தார். நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார். ஒப்பாரிக்கு வாயை நன்றாகத் திறக்க வேண்டும், மெல்ல முடியாது. சாயந்திரம் பருப்புக் குவியல் என்றைக்கும் இல்லாத உயரம் இருந்தது. "நாளைக்கும் இதே கதைய வெச்சிக்கம்மே" என்றார்.

அன்றைக்கு மல்லாட்டை மூட்டை இறக்க வந்த வண்டிக்காரர் எங்கள் தெருக்காரர். கொட்டகை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். நடுவில் நான் தலை குனிந்து குலுங்குகிறேன், கண்ணில் தண்ணீர். சுற்றிலும் பெண்கள் என்னைப் பார்த்து மாரடிக்காத குறையாக அழுகிறார்கள். கப்பல், கடல், கரை என்று பாட்டில் வருகிறது. அவர் என்னவென்று கேட்டிருக்கலாம் என்று இப்போது சொல்வது சுலபம். எங்கள் பக்கத்தில் சாவுக்கு முன்னால் நின்றுகொண்டு கேள்வி கேட்பது மரியாதை இல்லை. அவர் மூட்டையைப் போட்டது போட்டபடி மாட்டை விரட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குச் செய்தி கொண்டுபோய்விட்டார். வீட்டிலிருந்து ஒரு ஆள் ரயிலேறி விழுப்புரத்துக்கு என் அண்ணனிடம் சாவு சொல்லப் போய்விட்டான்.

வேலை முடிந்து வெயில் தாழ நான் தெருவுக்குள் நுழையும்போது வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே அழுகை. என் மாமனாருக்கு நெடுநாளாக இழுப்பு. காலையில் நான் கிளம்பும்போதுகூட மூச்சு முட்டிக்கொண்டுதான் இருந்தார். போய்விட்டார் என்று நினைத்தேன். யாரென்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கமில்லை என்று இப்போதுதானே சொன்னேன். ஓடிப்போய் மாமியாரைக் கட்டிக்கொண்டேன், குரலெடுத்தேன்.

"தங்கமான மாமாவே – எனக்குத்
தாயா இருந்து பாத்தீரே
சுடுசொல்லு சொல்லாத மாமாவே – என்னச்
சோத்துக்கு அலைய வுடலியே"

சுடுசொல் சொல்லாத மாமா என்பது நான் அந்த நிமிஷத்தில் போட்ட பொய். ஒப்பாரியில் செத்தவர் எல்லாரும் நல்லவர்தான். கூட்டம் என் பாட்டைக் கேட்டு இன்னும் உரக்க அழுதது. புருஷன் செத்த துக்கத்தில் பாவம் மாமனாரைக் கூப்பிட்டு முறையிடுகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். நான் அடுத்த அடிக்குப் போகும்போது கூட்டத்தின் கால்களுக்கு நடுவே மாமனாரைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, துண்டை வாயில் பொத்திக்கொண்டு, தன்னைப் பற்றிய பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பாட்டு அறுந்துபோனது. "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டேன்.

ஒரு கிழவி என் தலையைத் தடவி, "உம் புருசன்தாம்மா" என்றாள்.

"யாரு சொன்னது?"

வண்டிக்காரரைக் காட்டினார்கள். அவர் கொட்டகையைக் காட்டினார். எனக்கு விளங்கிவிட்டது. முதலில் சிரிப்பு வந்தது. வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பு. "ஐயோ, செத்தது ராஜகுமாரன். கதைல செத்துட்டான்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் கேடாய்ப்போனது. புத்தி பேதலித்துவிட்டது என்று இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் என் அண்ணன் விழுப்புரத்திலிருந்து வந்து சேர்ந்தார். அவர் அங்கே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அழுதுகொண்டே வந்திருக்கிறார். கையில் கோடிப் புடவை. புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டிய புதுப் புடவை அது. யுத்தத்தில் துணிக்குப் பெரிய தட்டுப்பாடு. எங்கும் கிடைக்காமல், அண்ணி பொங்கலுக்கென்று உடுத்தாமல் வைத்திருந்த மிளகாய்ப் பழச் சிவப்புப் புடவையை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது.

கூட்டத்தில் நின்றிருந்த எங்கள் தெரு நாட்டாமைக்காரரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வழக்கம் என்று ஒன்று இருந்துவிட்டால் அது நடந்தாக வேண்டும் என்று நினைக்கிறவர். வண்டிக்காரரை விசாரித்தார், என்னை விசாரித்தார், கொட்டகைக்கு வருகிற இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் சொன்னது கதைதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"கதையோ நெசமோ, வூட்ல அழுகை வுழுந்துடுச்சி. கோடி வந்துடுச்சி. இத்தோட நிறுத்துனா வூட்டுக்கு ஆவாது" என்றார். "ரெண்டு வருசமா தகவல் இல்ல. அதுவே ஒரு தகவல்தான். பதினாறாம் நாளு ஏரிக்கரைல தாலிய வாங்கி முடிச்சிடலாம்."

அவ்வளவு பேருக்கு நடுவில் அதுவரை நான் வாய் திறந்ததில்லை. தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க வூட்டு ஆடு ரெண்டு நாளு வரலைன்னா தேடுவீங்களா, கருமாதி பண்ணுவீங்களா?" என்று கேட்டேன்.

"பொம்பள பேசற பேச்சா இது" என்றார்.

"கட்டுனவரு வந்து கேக்கட்டும், கழட்டிக் குடுக்கறேன். நீங்க கட்டல. உங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

"பதினாறாம் நாளு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். கூட்டம் கலைந்தது. என் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுத முகத்தைத் துடைக்கவும் இல்லை. ஒரே மகனுக்கு ஒரு சாயந்திரம் முழுக்க அழுது முடித்துவிட்டு, அவன் சாகவில்லை என்று ஒருத்தி சொன்னால் அந்தத் தாய் என்னத்தை நம்புவாள்? மாமனார்தான் இருட்டத் தொடங்கியபோது என்னைக் கூப்பிட்டு, "எனக்குன்னு வெச்சியே, அந்தப் பாட்டு நல்லா இருந்திச்சி" என்றார்.

மறுநாள் காலையில் அந்தச் சிவப்புக் கோடியை உடுத்திக்கொண்டேன். பொட்டை எப்போதும் வைப்பதைவிடப் பெரிதாக வைத்தேன். சாமந்திப் பூவைச் சொருகிக்கொண்டு தெரு வழியே நடந்து வேலைக்குப் போனேன். கோடியை அப்படி உடுத்தினவளை எங்கள் தெரு அதற்குமுன் கண்டதில்லை. கதவுகளில் முகங்கள் தெரிந்தன. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நான் மூடப் பார்க்கவில்லை, நன்றாகப் பேசட்டும் என்று மெதுவாகவே நடந்தேன். புடவை நன்றாக இருந்தது. என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு நல்ல புடவை கிடைக்கவில்லை.

கொட்டகையில் எல்லாரும் தலையைக் குனிந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் பாட்டால்தான் இவ்வளவும் வந்தது என்று பயந்துபோயிருந்தார்கள். முதல் ஒப்பாரி வைத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ளையக் கரையேத்திடும்மா. ஜல்தியா ஏத்திடு. தோஷம் பூடும்" என்றாள்.

என்னிடம் பலகை தயாராகத்தான் இருந்தது. ஒரு வரியில் அவனைக் கரையில் போட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. செத்தான் என்று நாட்டாமைக்காரர் தெரியாமல் சொன்னார். பிழைத்தான் என்று நானும் தெரியாமல் சொன்னால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அந்த நேரத்தில் ராஜகுமாரன் மேலேயே எனக்கு ஒரு கோபம் வந்தது. பூவைக் கேட்டது யார்? இவனாகப் போனான். போனவன் கதையையே எத்தனை நாள் சொல்வது?

"அவன் கடல்லதான் கீறான். அவன வுடுங்க" என்றேன். "இங்க அந்தப் பொண்ணுக்கு அரண்மனைல ஒல வைக்க அரிசி இல்ல."

பிறகு ஒருத்தி மெதுவாக உம் கொட்டினாள்.

அதற்குப் பிறகு அது ராஜா கதையாகவும் இல்லை, ஒப்பாரியாகவும் இல்லை. இளவரசி முறத்தை எடுத்தாள், புடைத்தாள், கூலிக்குப் போனாள். வேலை தெரியாமல் முதல் நாள் விரலை நசுக்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரியோடு கோழிக்காகச் சண்டை போட்டாள். அரண்மனை மந்திரி ஒருவர் தாடையைச் சொறிந்துகொண்டே வந்து, ராஜகுமாரன் செத்ததாகச் சட்டப்படி தெரிகிறது, குங்குமத்தை அழித்துவிடு என்றார். கடலில் இறங்கிப் பார்த்தீரா, கால் நனைந்ததா, காட்டும் என்று அவள் அவருடைய வேட்டியைத் தூக்கிக் காலைப் பார்த்தாள். கொட்டகையில் சிரித்த சிரிப்பில் மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். முந்தாநாள் அழுத அதே வாய்கள்தான்.

மந்திரி யாரென்று திண்டிவனம் முழுக்கத் தெரிந்துபோயிற்று. நாட்டாமைக்காரர் மேஸ்திரியைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் மேஸ்திரி என்னை நிறுத்தி, "ஊரு நாயம்லாம் இங்க வாணாம். பேஜாரு. ராசா கதைன்னா ராசா கதையச் சொல்லு, இல்லன்னா சும்மா இரு" என்றார்.

சும்மா இருந்தேன். மற்றவர்களும் பாட மாட்டோம் என்று சும்மா இருந்தார்கள். மண்டிக்காரர் போட்ட சட்டத்தை நாங்கள் அன்றைக்குத்தான் வெளிப்படையாக மீறினோம். மேஸ்திரியின் கண்ணெதிரிலேயே ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு, கறமுறவென்று மென்றுகொண்டே உடைத்தோம். சாயந்திரம் குவியலைப் பார்த்த மேஸ்திரி, "இன்னாத்தையோ சொல்லித் தொலைங்க" என்று சொல்லிவிட்டார்.

பதினாறாம் நாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். ஏரிக்கரையில் எல்லாம் தயாராக இருக்கிறது என்றும், என்னை அழைத்துவர என் மாமியாரையே அனுப்பியிருக்கிறார்கள் என்றும் வழியில் போனவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் இழுத்துக்கொண்டு போனால் கடிப்பது என்று முடிவு செய்திருந்தேன். பகல் உச்சியில் மாமியார் கொட்டகை வாசலில் வந்து நின்றார். அழுகை விழுந்த அந்தச் சாயந்திரத்திலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. இப்போதும் பேசாமல் உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். சும்மா உட்கார முடியாமல் ஒரு கை மல்லாட்டையை எடுத்து உடைக்க ஆரம்பித்தார். நான் கதையைத் தொடர்ந்தேன். இளவரசி களையெடுத்துவிட்டுத் திரும்புகிற இடம். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ள கரையேறிட்டானா?" என்று கேட்டார்.

கொட்டகையில் எல்லார் கையும் நின்றது.

"தெரியாது அத்தே" என்றேன்.

"கதை சொல்றவ நீதானே. உனக்குத் தெரியாதா?"

"தெரியாது அத்தே. தெரிஞ்சா உங்ககிட்ட சொல்ல மாட்டேனா?"

அவர் கையில் இருந்த பருப்பைக் குவியலில் போட்டார். கண் கலங்கியிருந்தது. "தெரியாதுன்னே சொல்லு. செத்துட்டான்னு மட்டும் சொல்லாத" என்றார்.

என்னைக் கூட்டிக்கொண்டு நேராக ஏரிக்கரைக்குப் போனார். எதற்குக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே நாட்டாமைக்காரரும் பறைக்காரர்களும் காத்திருந்தார்கள். மாமியார் அவர்கள் முன்னால் போய் நின்றார்.

"அவனப் பெத்தவ நான். அவன் கீறானா பூட்டானான்னு எனக்கே தெரியல. உனக்கு மட்டும் எப்பிடி தெரிஞ்சிச்சி?" என்று கேட்டார்.

நாட்டாமைக்காரர் வழக்கத்தைச் சொன்னார். அழுதாகிவிட்டது என்றார். "அழுதது நாங்க. எங்க கண்ணு, எங்க தண்ணி. எடுத்துக்கினு போங்க பறைய" என்றார் மாமியார். அவர் அதற்குமுன் அந்த மனிதர் எதிரில் நிமிர்ந்து நின்றுகூட நான் பார்த்ததில்லை. பறைக்காரர்கள் முதலில் கிளம்பினார்கள்.

யுத்தம் முடிந்தது. இரங்கூனிலிருந்து கப்பல்கள் வரத் தொடங்கின. திரும்பி வந்த ஒவ்வொருவரையும் தேடிப்போய்க் கேட்டோம். காட்டுப் பாதையில் காய்ச்சலில் படுத்திருந்ததைப் பார்த்தேன் என்றார் ஒருவர். அதற்குப் பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்குவதைப் பார்த்தேன் என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். அவர் வரவில்லை. கொட்டகையில் நான் அந்தக் கதையை முடிக்கவே இல்லை.

சுதந்திரம் வந்த பிறகு ஒரு மழைக்காலத்தில் மாமனார் இறந்தார். இந்த முறை செய்தி சரியான செய்திதான். பாடை கட்டியானதும் கொள்ளிச்சட்டி யார் எடுப்பது என்ற பேச்சு வந்தது. மகன் செத்திருந்தால் பங்காளி முறைக்கு ஒருவன் தன் உரிமையில் எடுப்பான். மகன் வெளியூரில் இருந்தால், அவன் பேரைச் சொல்லி அவனுக்காக எடுக்க வேண்டும். எடுப்பது ஒரே ஆள்தான், சொல்வது வேறு. நானும் மாமியாரும் பிணத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து நாட்டாமைக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கும் வயதாகிவிட்டிருந்தது. தாடையைச் சொறிந்தார். மழை வேறு பிடித்துக்கொள்ளும்போல் இருந்தது. "மவன் ஊர்ல இல்லாததால, அவன் பேரால எடுக்கறது" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார்.

பதினாறாம் நாள் மாமியாரை ஏரிக்கரையில் உட்காரவைத்தார்கள். தாலி உள்ளவர்கள் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. நான் நின்றேன். தாலி வாங்க வந்த கிழவிகளில் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் சேத்தே முடிச்சிடலாமே. எத்தினி வருசம் ஆச்சி" என்றாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாமியார் கழுத்தை நீட்டினார்.

"என் ஆம்பள என் மடில செத்தாரு. நான் பாத்தேன். இது உங்களுது, எடுத்துக்குங்க" என்றார். "அவுளுத எவளும் தொடக் கூடாது."

கயிற்றை அறுத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் விழுந்துவிடாமல் நான் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தலையில் பூவோடு. காலையில் அவர்தான் வைத்துவிட்டிருந்தார்.